ஸ்கா பங்க்: லெஸ் தேன் ஜேக் குழுவை வைத்து ஒரு பாலபாடம்

மேசை மேல் கையால் ஒரே சீராகத் தட்டுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தட்டுக்கும் தட்டுக்கும் நட்டநடுவில் வாயால் 'சக்' சொல்லுங்கள். கை விழும்போது வாய் மூடியிருக்க வேண்டும். கை மேலே எழும்போதுதான் 'சக்'. தடுமாறாமல் பத்துச் சுற்று வந்துவிட்டால், ஸ்கா என்ற ஜமைக்கா இசைவகையின் முதுகெலும்பு பிடிபட்டுவிட்டது. அந்த 'சக்' கிடாருக்குரிய இடம்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமல்ல. சமத்தை விட்டு அரையிடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகள் எத்தனையோ உண்டு. ஆனால் அங்கே எடுப்புதான் தள்ளி வருகிறது, அதன் பிறகு பாட்டு தாளத்தோடு இழைந்துவிடும். ஸ்காவில் ஒரு வாத்தியம் பாட்டு முடியும்வரை அந்த அரையிடத்திலேயே குடியிருக்கிறது. தட்டில் விழ அதற்கு அனுமதியே இல்லை.

பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் வகை இதற்கு நேர் எதிரான பழக்கம். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏற்றிய கிடார் ஒவ்வொரு அரைத்தட்டிலும் மேலிருந்து கீழாக அடித்துக்கொண்டே போகும். மூச்சுவிட இடைவெளி கிடையாது. ஸ்கா இடைவெளியால் நடக்கிறது, பங்க் இடைவெளியை அடைத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டையும் ஒரே மூன்று நிமிடப் பாட்டுக்குள் கட்டிப்போடுவதுதான் ஸ்கா பங்க். பெரும்பாலும் சரணம் ஸ்காவாகவும் கோரஸ் பங்க்காகவும் இருக்கும். கூடவே ட்ராம்போன், சாக்ஸஃபோன், ட்ரம்பெட் என்று இரண்டு மூன்று ஊதுவாத்தியங்கள்.

இந்த வகைக் குழு எதைக் கேட்டாலும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 'சக்' பாட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஊதுவாத்தியம் மெட்டைத் தூக்கிச் சுமக்கிறதா, ஓரத்தில் நின்று மெருகு மட்டும் போடுகிறதா? ஒரு குழுவின் இருபது முப்பது ஆண்டு வரலாறு இந்த இரண்டு கேள்விகளுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக் குழுவான லெஸ் தேன் ஜேக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். இந்த வகை உச்சத்தில் இருந்தபோதும் இருந்தார்கள், யாரும் சீந்தாதபோதும் இருந்தார்கள், 'சக்'கைக் கைவிட்டுப் பார்த்தார்கள், திரும்ப எடுத்தும் கொண்டார்கள்.

கிங்ஸ்டனிலிருந்து கெய்ன்ஸ்வில்வரை

ஸ்கா பிறந்தது 1950களின் இறுதியில், ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில். அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸும் ஜாஸும் உள்ளூர் நாட்டுப்புற இசையான மென்டோவும் கலந்த கலவை அது. நாடு 1962ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது ஊர் முழுக்க இந்த இசைதான். 1964ஆம் ஆண்டு சேர்ந்த ஸ்கடலைட்ஸ் குழுவின் ஊதுவாத்தியக்காரர்களில் பலர் ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்ற, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியின் பேண்டு வகுப்பில் தேறியவர்கள். ட்ராம்போன் மேதை டான் டிரம்மண்டும் அங்கே படித்தவர்தான். 1966 வாக்கில் ஸ்கா வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆனது. இன்னும் இரண்டே ஆண்டுகளில் அதுவும் மாறி ரெகே வந்தது. ஸ்காவை ரெகேயின் வேகமான தம்பி என்று பலர் நினைக்கிறார்கள். உறவுமுறை தலைகீழ். ஸ்காதான் அண்ணன்.

இரண்டாவது அலை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் எழுந்தது. 1979ஆம் ஆண்டு ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய 2 டோன் நிறுவனத்தில் ஸ்பெஷல்ஸ் போன்ற குழுக்கள் பழைய ஜமைக்கா மெட்டுகளைப் பங்க்கின் கோபத்தோடு வாசித்தன. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேடையில், சட்டையிலும் அட்டையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம். ஸ்பெஷல்ஸுக்கு ட்ராம்போன் ஊதிய ரிகோ ரோட்ரிகெஸ் அதே ஆல்ஃபா பள்ளியில் வளர்ந்தவர். சங்கிலி அறுபடவில்லை.

மூன்றாவது அலை அமெரிக்காவில். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1987 முதல் 1989 வரை மட்டுமே இருந்த ஆப்பரேஷன் ஐவி, நிரந்தர ஊதுவாத்தியம் எதுவுமில்லாமல் கிடாரின் 'சக்'கை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்காவையும் பங்க்கையும் ஒட்டிக் காட்டியது. ஒரே ஓர் ஆல்பம்தான், ஆனால் பின்னால் வந்தவர்களில் அதைக் கேட்காதவர் அபூர்வம். பாஸ்டனில் மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் குழு ஹார்ட்கோர் (பங்க்கின் இன்னும் முரடான கிளை) இரைச்சலோடு ஊதுவாத்தியங்களை மோதவிட்டது. இந்த இரண்டு ஊர்களுக்கும் வெகு தொலைவில், ஃப்ளோரிடாவின் பல்கலைக்கழக ஊரான கெய்ன்ஸ்வில்லில், 1992ஆம் ஆண்டு நம் குழு தொடங்கியது.

உள்ளே என்ன நடக்கிறது

குழுவின் கதைக்குப் போகுமுன் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஒலி மாறியது என்று சொன்னால் எது மாறியது என்று தெரிய வேண்டுமல்லவா.

கிடாரில் 'சக்' வாசிக்க, வலக்கையிலுள்ள பிக் (தந்தியை மீட்டும் சிறு சில்லு) கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மெல்லிய மூன்று நான்கு தந்திகளைத் தொட்டுவிட்டு நழுவிவிட வேண்டும். தடித்த இரண்டு தந்திகளின் பக்கம் போகக் கூடாது, அந்தத் தாழ்ந்த ஒலி பேஸ் கிடாரின் பங்கு. உண்மையான வேலை இடக்கையில்தான். ஒலி எழுந்த கணமே விரல்களின் அழுத்தம் தளர வேண்டும், ஆனால் விரல் தந்தியை விட்டு எழக் கூடாது. எழுந்தால் தந்தி முனகும். ஒட்டியபடி தளர்ந்தால் ஒலி கத்தரித்ததுபோல் நிற்கும். தொடக்கக்காரர்கள் சி, ஜி போன்ற திறந்த கார்டுகளோடு (சில தந்திகளில் விரல் படாத சுரக்கூட்டுகள்) முயன்று ஏமாறுவது இங்கேதான். விரல் படாத தந்தியை இடக்கை எப்படி அடக்கும்? விரலைக் குறுக்கே போட்டுப் பிடிக்கும் பார் கார்டுதான் இதற்கு வழி.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கும் 'சக்'குக்கும் இடையே கால் விநாடி இருக்கிறது. ஸ்கா பங்க்கில் 180ஐத் தொடுவது சாதாரணம். அங்கே அது ஆறில் ஒரு விநாடியாகச் சுருங்குகிறது. அதற்குள் ஒலி பிறந்து, செத்து, அடுத்த தட்டுக்கு வழிவிட வேண்டும். மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு முழங்கையால் வாசிப்பவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் கை மரத்துவிடும். 100இல் தொடங்கி, சுத்தமாக விழுந்த பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றுவதே உத்தமம்.

ஸ்கா பகுதியில் டிஸ்டார்ஷன் ஏன் ஆகாது என்பதற்கும் காரணம் உண்டு. டிஸ்டார்ஷன் பெரிய ஒலியையும் சின்ன ஒலியையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். விரல் தளர்ந்த பிறகு மிஞ்சும் உரசல்கூட உரக்கக் கேட்கும். 'சக்' வெட்டுப்படாமல் 'சஃஃஃ' என்று இழுபடும். அதனால் டிஸ்டார்ஷனைக் காலால் இயக்கும் பெடல் சரணத்துக்கு அணைந்திருக்கும், கோரஸுக்கு எரியும். கோரஸின் முதல் தட்டில் மிதிக்கலாம் என்று காத்திருந்தால் கட்டாயம் தாமதமாகும். அதற்கு முந்தைய அரைத்தட்டிலேயே, கடைசி 'சக்'கைத் தியாகம் செய்துவிட்டு மிதிக்க வேண்டும்.

ட்ரம்ஸில் நடப்பதை 'இரண்டாம் காலம்' என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும். சரணத்தில் ஸ்னேர் (படீரென்று ஒலிக்கும் சிறு ட்ரம்) அடி அகல இடம்விட்டு விழும். கோரஸ் வந்ததும் அடிப்படைத் தட்டு அதேதான், ஆனால் ஸ்னேர் இரட்டிப்பாக விழும். பாட்டே இருமடங்கு வேகமாகப் போவதுபோல் ஒரு பிரமை. புதிய குழுக்கள் மேடையில் கவிழ்வது பெரும்பாலும் இந்த வாசலில்தான். கை இரட்டிக்கும்போது உற்சாகத்தில் தட்டும் சேர்ந்து ஓடிவிடுகிறது, திரும்பச் சரணத்துக்கு வரும்போது 'சக்' போட இடமே இருப்பதில்லை. முழுப்பாட்டையும் நூறு முறை வாசிப்பதைவிட, மாறும் இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆவர்த்தங்களை மட்டும் மெட்ரோனோமோடு (சீராகத் தட்டு கொடுக்கும் கருவி) திரும்பத் திரும்ப வாசித்தால் இது சரியாகும்.

பேஸ் கிடார் சரணத்தில் கார்டின் சுரங்களைப் படிப்படியாக ஏறி இறங்கி நடக்கும். கிடார் பாதி நேரம் மௌனமாக இருப்பதால் பாட்டின் நடை தெரிவதே இதில்தான். கோரஸில் ஒரே சுரத்தில் அடித்துக்கொண்டு ஓடும்.

இனி ஊதுவாத்தியம். கிடார்காரர்களுக்குப் பிடித்த சுருதிகள் ஈ, ஏ. சாக்ஸஃபோன்காரர்களுக்கு அவை எமன். ஆல்டோ சாக்ஸும் டெனர் சாக்ஸும் இடம்மாற்றி எழுதப்படும் வாத்தியங்கள், அதாவது எழுதிய சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு: பாட்டு ஈ மேஜரில் இருந்தால் டெனர்காரர் எஃப் ஷார்ப் மேஜரில், ஆறு ஷார்ப்புகளோடு (அரைச்சுரம் ஏற்றிய சுரங்கள்) வாசிக்க வேண்டும். ஆல்டோ என்றால் சி ஷார்ப் மேஜர், ஏழு ஷார்ப்! பாட்டை அரைச்சுரம் இறக்கி ஈ ஃபிளாட்டில் வைத்தால் டெனருக்கு எஃப், ஆல்டோவுக்கு வெறும் சி. அதற்காகவே கிடார்காரர்கள் எல்லாத் தந்திகளையும் அரைச்சுரம் தளர்த்திக்கொண்டால், அவர்கள் பழகிய விரல் அமைப்பு அப்படியே இருக்கும், ஊதுபவர்களும் வாழ்த்துவார்கள்.

ட்ராம்போனுக்குச் சிக்கல் வேறு. கல்யாணப் பேண்டு செட்டில் முன்னும் பின்னும் இழுத்து ஊதுவார்களே, அதே குழல்தான். இழுப்பில் ஏழு நிலைகள் உண்டு. முதல் நிலையிலிருந்து ஏழாவதுக்குக் கை முழு நீளம் போய்வர வேண்டும், 180 வேகத்தில் அது நடக்கிற காரியமல்ல. அதனால் சாக்ஸுக்கு எழுதிய துரித மெட்டை அப்படியே ட்ராம்போனிடம் நீட்டக் கூடாது. சாக்ஸ் ஓடும்போது ட்ராம்போன் நீண்ட சுரம் பிடிப்பதும், முக்கியமான வாக்கியத்தில் இருவரும் ஒரே மெட்டை ஸ்தாயி மாற்றி ஊதுவதும் நல்ல பங்கீடு.

சுருதி விலகலும் பெரிய தொல்லை. குழலுக்குள் இருக்கும் காற்று சூடேறினால் சுருதி ஏறும், டிகிரி செல்சியஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 சென்ட். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு, 10 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் மேடையில் ஏறினால் ஏறக்குறைய 30 சென்ட் விலகல். கிடார் அவ்வளவு நகராது. எல்லாருக்கும் காது கூசும், யார் மேல் தப்பு என்று யாருக்கும் தெரியாது. மேடையிலேயே இரண்டு நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டு டியூனரைப் பார்ப்பதுதான் ஒரே வழி.

கோரஸில் டிஸ்டார்ஷன் கிடாரும் ஊதுவாத்தியமும் ஒரே நடுத்தர அலைவரிசைக்குச் சண்டை போடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலிப்பொறியாளர் ஏதாவதொன்றை அமுக்கித்தான் ஆக வேண்டும். ராக் ரேடியோவுக்கான பதிவென்றால் அமுக்கப்படுவது எது என்று ஊகிக்கலாம். கீழே வரும் கதையில் இது திரும்ப வரும்.

நாயின் பெயரில் ஒரு குழு

கிறிஸ் டிமேக்ஸ் கிடார், பாட்டு. வின்னி ஃபியரெல்லோ ட்ரம்ஸ். வின்னி வீட்டு நாயின் பெயர் ஜேக். வீட்டில் மனிதர்களைவிட அதற்குத்தான் கவனிப்பு அதிகமாம். அப்படியானால் மற்றவர்கள் எல்லாரும் ஜேக்குக்கு ஒரு படி கீழே. அதுவே பெயராகிவிட்டது. (தமிழில் எழுதும்போது நடுவில் தேன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கும் குழுவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) பிறகு ரோஜர் லிமா பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்தார். அவரும் பாடுவார், இரண்டு குரல்களும் மாறி மாறி வருவது இன்றுவரை இவர்களின் அடையாளம்.

தொடக்கத்தில் இது ஊதுவாத்தியம் இல்லாத குழு. இங்கிலாந்தின் ஸ்னஃப் என்ற பங்க் குழு தன் பாட்டுகளில் ஊதுவாத்தியத்தைச் சேர்த்திருந்த விதம் இவர்களுக்குப் பிடித்துப்போனது. பட்டி ஷாப் ட்ராம்போனோடும் ஜெஸிகா மில்ஸ் சாக்ஸஃபோனோடும் வந்தார்கள். இதைக் கவனித்துக்கொண்டால் பிறகு நடப்பது புரியும்: இவர்கள் ஜமைக்கா இசையில் ஊறி வந்தவர்கள் அல்லர், பங்க்குக்குள் நின்றுகொண்டு ஊதுவாத்தியத்தை உள்ளே அழைத்தவர்கள். கலிஃபோர்னியாவின் நோ டவுட் குழு 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆல்பத்துக்காக ஜமைக்காவுக்கே போய்ப் பதிவு செய்தது. லெஸ் தேன் ஜேக்குக்கு அந்த ஏக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. அவர்களின் பாட்டுகளில் வரும் ஊர் கெய்ன்ஸ்வில். சின்ன ஊரின் சலிப்பு, ஊரைவிட்டு ஓடும் ஆசை, ஓடிய பின் வரும் வெறுமை. இந்த வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் மைக் முன்னால் நிற்காத ட்ரம்ஸ்காரர் வின்னி.

முதல் ஆல்பம் 'பெஸ்கோர்', 1995. தலையைச் சாய்த்தால் மிட்டாய் தரும் பெஸ் பொம்மைகளைச் சேர்ப்பதில் இவர்களுக்கு இருந்த பித்துதான் தலைப்பு. ஒலிப்பதிவு முரடு, 'சக்' கேட்கும்போதெல்லாம் விளிம்பு பிசிறடிக்கும். அடுத்த ஆண்டே பெரிய நிறுவனமான கேப்பிடல் ரெக்கார்ட்ஸில் 'லூசிங் ஸ்ட்ரீக்'. பெஸ்கோரில் இருந்த சில பாட்டுகளை இதில் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, தங்களை விலைபோனவர்கள் என்று ஏசும் ரசிகனைக் கேலி செய்யும் பாட்டு. அதைப் பெரிய நிறுவனத்தின் முதல் ஆல்பத்திலேயே திரும்ப வைக்கத் துணிச்சல் வேண்டும். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டு மாறவில்லை, பதிவின் பளபளப்பு மட்டுமே கூடியிருக்கிறது. இவ்வளவு நல்ல பயிற்சிப் பாடம் வேறு கிடைக்காது.

1998இல் வந்த 'ஹலோ ராக்வியூ' பலரும் உச்சம் என்று சொல்லும் ஆல்பம், நாமும் மறுக்கவில்லை. தயாரிப்பாளர் ஹோவர்ட் பென்சன். மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் இங்கே சமமான விடை வருகிறது: 'சக்' இருக்கிறது, ஊதுவாத்தியம் மெட்டைச் சுமக்கிறது. கோரஸில் கிடார் இரைந்தாலும் ஊதுவாத்தியத்தின் வாக்கியம் அதற்கு மேலே மிதக்கிறது. இதிலுள்ள 'ஆல் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் ஆர் மெட்டல்ஹெட்ஸ்' 2000ஆம் ஆண்டு டிஜிமான் படத்தின் ஆல்பத்திலும் இடம்பெற்றது. ஸ்கா என்ற சொல்லையே அறியாத பல பிள்ளைகளுக்கு அறிமுகம் அங்கேதான் ஆகியிருக்கும்.

'சக்' விடைபெற்ற காலம்

1990களின் இறுதிக்குள் அமெரிக்க ரேடியோவுக்கு ஸ்கா சலித்துவிட்டது. 1997இல் எங்கே திரும்பினாலும் ட்ரம்பெட்; இரண்டே ஆண்டில் அது கேலிப்பொருள். கேப்பிடலை விட்டு விலகிய குழு 2000ஆம் ஆண்டு ஃபேட் ரெக் கார்ட்ஸ் என்ற பங்க் நிறுவனத்தில் 'பார்டர்ஸ் அண்ட் பவுண்டரீஸ்' வெளியிட்டது. 'சக்' குறைந்து, நேர்கோட்டில் ஓடும் பங்க் கூடிய ஆல்பம். அந்தக் காலத்தில்தான் ஸ்பிரிங் ஹீல்ட் ஜாக் என்ற ஸ்கா குழுவிலிருந்து சாக்ஸஃபோன்காரர் ஜே.ஆர். வாஸிலெவ்ஸ்கி இங்கே வந்து சேர்ந்தார். ஸ்கா குறைந்துகொண்டிருந்த நேரத்தில் ஸ்காக்காரர் ஒருவர் உள்ளே வந்தார்.

2003இல் வார்னர் குடும்பத்து சயர் நிறுவனத்தில் 'ஆந்தம்'. தயாரிப்பாளர் ராப் கவல்லோ, கிரீன் டே குழுவின் பெரிய ஆல்பங்களைத் தயாரித்தவர். பெரும்பகுதி பளபளக்கும் பாப் பங்க். கிடார் சுவர்போல் நிற்கிறது, ஊதுவாத்தியம் சுவருக்குப் பின்னால். ஆனால் இந்த ஆல்பத்தில் மறக்க முடியாத பாட்டு 'தி சயன்ஸ் ஆஃப் செல்லிங் யுவர்செல்ஃப் ஷார்ட்'. நிதானமான நடை, ரெகே பக்கம் சாயும் 'சக்', தன்னைத் தானே கெடுத்துக்கொண்டவனின் புலம்பல். வேகத்தைக் கழற்றி வைத்தாலும் ஸ்கா நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இவர்களிடம் இல்லை. ஸ்காவைக் குறைத்த ஆல்பத்தில் அதிகம் நிலைத்தது ஸ்கா பாட்டு என்பது வேடிக்கைதான்.

2006இல் 'இன் வித் தி அவுட் கிரௌட்'. மறுபடியும் ஹோவர்ட் பென்சன், அதே சயர். ராக்வியூவைச் செய்த அதே தயாரிப்பாளர், விளைவோ எதிர்த்துருவம். 'சக்' விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும். பழைய ரசிகர்கள் கைவிட்டார்கள், புதியவர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. மோசமான ஆல்பம் என்று ஒதுக்க மாட்டோம், கோரஸ்கள் கெட்டியானவை. ஆனால் இவர்களைத்தான் கேட்கிறோம் என்பதற்கு ஆல்பத்தில் அடையாளம் குறைவு. இதே பாட்டை அன்று இன்னும் பத்துக் குழுக்கள் பாடியிருக்க முடியும்.

இதற்குப் பின்னால் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு வின்னி, ஜான் ஜானிக் என்பவரோடு சேர்ந்து கெய்ன்ஸ்வில்லில் ஃபியூவல்ட் பை ராமன் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். ஃபால் அவுட் பாய், பேனிக்! அட் தி டிஸ்கோ, பாராமோர் ஆகிய குழுக்களெல்லாம் அதன் வழியே வெளிச்சத்துக்கு வந்தவை. அதாவது 2000களின் நடுவில் ரேடியோவைப் பிடித்து ஸ்காவை ஓரம்கட்டிய அந்த அலையின் ஒரு முக்கியமான வாய்க்கால், ஒரு ஸ்கா பங்க் ட்ரம்ஸ்காரர் வெட்டியது.

திரும்பி வந்தது

2008இல் பெரிய நிறுவனம் கிடையாது. சொந்தமாக ஸ்லீப் இட் ஆஃப் ரெக்கார்ட்ஸ் தொடங்கி அதில் 'ஜி.என்.வி. எஃப்.எல்.ஏ.' வெளியிட்டார்கள். தலைப்பு புதிரல்ல: கெய்ன்ஸ்வில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியோடு ஃப்ளோரிடாவின் சுருக்கம். முதல் சில பாட்டுகளிலேயே விரல் தளரும் அந்தச் 'சக்' திரும்பக் கேட்கிறது, ஊதுவாத்தியம் கிடார் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறது. யாருக்காக ஒலி அமைக்கிறோம் என்பது மாறியதும் ஒலிப்பொறியாளர் எதை அமுக்க வேண்டும் என்பதும் மாறிவிட்டது.

அடுத்த முழு ஆல்பம் 'சீ த லைட்' வர 2013 ஆனது. திரும்பவும் ஃபேட் ரெக் கார்ட்ஸ். பதிவு கெய்ன்ஸ்வில்லில் ரோஜர் லிமாவின் சொந்த ஸ்டூடியோவில், தயாரிப்பும் அவரே. பேஸ் வாசிப்பவரே தயாரிப்பாளர் என்பதாலோ என்னவோ, நடக்கும் பேஸ் வரி இதில் தெள்ளத்தெளிவாகக் கேட்கிறது. பேஸைத் தனியே பின்தொடர்ந்து பழக நினைப்பவர்கள் இதை எடுங்கள், இயர்ஃபோனில்.

2018இல் வின்னி குழுவை விட்டு விலகினார். ட்ரம்ஸுக்கு மேட் யாங்கர் வந்தார். வேறு குழுவாக இருந்தால் ட்ரம்ஸ்காரர் மாறியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். இங்கே போனவர் பாட்டெழுதியவர். 2020 டிசம்பரில் ப்யூர் நாய்ஸ் நிறுவனத்தில் வந்த 'சில்வர் லைனிங்ஸ்' அவர் வரிகள் இல்லாத முதல் ஆல்பம். மற்றவர்கள் எழுத உட்கார்ந்தார்கள். வார்த்தை எளிமையாகியிருக்கிறது, ஊர்ச் சலிப்பின் கசப்பு குறைந்திருக்கிறது. 'சக்'கும் ட்ராம்போனும் சாக்ஸும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

எந்த வரிசையில் கேட்பது

வெளியான வரிசையில் கேட்கத் தேவையில்லை. முதலில் 'ஹலோ ராக்வியூ' முழுவதும், குறுக்கிடாமல். மறுநாள் 'இன் வித் தி அவுட் கிரௌட்'டிலிருந்து நாலு பாட்டு. எது காணாமல் போயிற்று என்பதைக் காது தானே சொல்லும். பிறகு 'ஜி.என்.வி. எஃப்.எல்.ஏ.'. 'பெஸ்கோர்' கடைசியில் இருக்கட்டும். முரட்டுப் பதிவு புதியவர்களை விரட்டிவிடும். மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸும் ட்ராம்போனின் அடிச்சுரமும் அடிபட்டுப்போய், மிஞ்சுவது கிடாரும் கத்தலும்தான். ஸ்கா பங்க் என்றால் ஒரே இரைச்சல் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இப்படிக் கேட்டவர்களாக இருக்கும்.

கடைசியாக அந்த மேசைக்கே வாருங்கள். 'தி சயன்ஸ் ஆஃப் செல்லிங் யுவர்செல்ஃப் ஷார்ட்' ஓடும்போது கையால் தட்டியபடி 'சக்' சொல்லிப் பாருங்கள். நடை நிதானம் என்பதால் முதல் தடவையிலேயே வந்துவிடும். அடுத்து 'மெட்டல்ஹெட்ஸ்' பாட்டைப் போட்டு அதையே செய்யுங்கள். ஏதோ ஓரிடத்தில் 'சக்' நழுவி, தட்டின் மேலேயே விழுந்து, வாயும் கையும் ஒன்றாகிவிடும். நிறுத்தி, பத்து விநாடி பின்னால் தள்ளி, திரும்ப.